ரீசேட்டின் முதுகில் யாருடைய பெயர்?



ஜனவரி தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை வரும். அன்றைக்கு உயர்பள்ளிப் பிள்ளைகள் ஊர் ஊராக ஒரு காணொளிக்கு முன்னால் குந்தியிருப்பார்கள். அந்த வருடத்து ரோபோப் போட்டியில் என்ன விளையாட்டு என்பது அப்போதுதான் வெளியே வரும். அதற்குப் பிறகு சில வாரங்களுக்கு அந்தப் பிள்ளைகளை வீட்டில் காணமுடியாது. ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கத்துத் தாய் தகப்பனுக்கு இது பழகின கதை. பள்ளிக்கூடம் விட்டும் பிள்ளை வராது. இரவு ஒன்பது மணிக்கு "வந்து ஏத்துங்கோ" என்று ஒரு குறுஞ்செய்தி மட்டும் வரும்.

இந்த முறை ஆசிரியர் தலையங்கம் இதைப் பற்றித்தான் என்றதும் எங்கள் குழுவில் ஒரு தோழர், "வீட்டு வாடகை கிடக்கு, பலஸ்தீனம் கிடக்கு, ஊரில காணிப் பிரச்சினை கிடக்கு. நீர் பிள்ளையளின்ர விளையாட்டுச் சாமானைப் பற்றி எழுதப்போறீரோ?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் இருபத்தைந்து வருடமாக உலோகப் பட்டறையில் லேத்தும் மில்லிங் மெசினும் ஓட்டுகிறவன். கடந்த ஆறு குளிர்காலங்களாகச் சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட அணிக்குப் போய் உதவுகிறேன். அங்கே கண்டதைச் சொல்கிறேன். அதற்குப் பிறகு தோழர் தீர்மானிக்கட்டும்.

முதலில், தெரியாதவர்களுக்கு இது என்னவென்று. ஃபர்ஸ்ட் என்ற அமைப்பை 1989 இல் தொடங்கியவர் டீன் கேமன். பிறகு செக்வே வண்டியைக் கொண்டுவந்தவரும் இவர்தான். உயர்பள்ளி மாணவருக்கான முதல் போட்டி 1992 இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில், 28 அணிகளோடு நடந்தது. அதற்கு உருவம் கொடுத்தவர் எம்.ஐ.ரி. பேராசிரியர் வுடி ஃப்ளவர்ஸ். தன் வகுப்பு மாணவர்களுக்கு ஒரே மாதிரித் தட்டுமுட்டுச் சாமான் ஒரு பை நிறையக் கொடுத்து, இதை வைத்து ஒரு வேலை செய்கிற இயந்திரம் கட்டு என்று 1970களில் விட்டவர் அவர். இன்றைக்கு உலகம் முழுவதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அணிகள் இந்தப் போட்டியில் இருக்கின்றன.

ரோபோ என்றதும் சினிமாவில் வருகிற மாதிரி மனித உருவத்தை நினைக்கவேண்டாம். நான்கு சில்லு, அலுமினியச் சட்டம், ஒரு கை அல்லது பந்து எறிகிற பொறி, 12 வோல்ற் ஈய அமில பற்றரி, ஐம்பது கிலோ அளவில் பாரம். சுற்றிவர ஒரு மெத்தை கட்டவேண்டும், மோதினால் தாங்குவதற்கு. அந்த மெத்தைக்குள் இருப்பது நீச்சல் குளத்தில் சின்னப் பிள்ளைகள் பிடித்து மிதக்கிற நுரைக் குழாய்தான். மேலே சிவப்புத் துணி அல்லது நீலத் துணி. எங்கள் அணியில் அந்தத் துணியைத் தைக்கிறவர் முன்பு உடுப்புத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் வேலை செய்த ஒரு அம்மா. பிள்ளைகள் இரண்டு வாரம் மல்லுக்கட்டின மூலை மடிப்பை அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டு, "உதுக்கோ இவ்வளவு பாடு?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றையிலிருந்து அவரையும் அணியின் வழிகாட்டி என்றுதான் பிள்ளைகள் எழுதுகிறார்கள், பொறியியலாளர்களுக்குப் பக்கத்தில்.

களத்தில் ஒரு பக்கத்துக்கு மூன்று அணிகள், எதிர்ப்பக்கத்துக்கு மூன்று. ஆட்டம் சுமார் இரண்டரை நிமிடம். தகுதிச் சுற்றில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூட்டாளிகள் மாறுவார்கள். இப்போது உன்னோடு நிற்கிறவன் அடுத்த ஆட்டத்தில் எதிரி. அதனால் ஒருவரை ஒருவர் விழுத்திவிட்டு மேலே போக முடியாத ஒரு ஒழுங்கு இதற்குள் இருக்கிறது. பிற் என்று ஒரு இடம், அங்கேதான் ரோபோக்களைத் திருத்துவார்கள். "இன்ன இலக்க அணிக்கு இன்ன மோட்டார் தேவை" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும். சில நிமிடத்தில் எதிரணிப் பிள்ளைகள் கையில் மோட்டாரோடு ஓடி வருவார்கள். கொடுத்த மோட்டாராலேயே தோற்றுப்போன அணியையும் கண்டிருக்கிறேன். ஊரில் வீடு வேய்கிற நாளில் அயலட்டை முழுக்கக் கிடுகோடு வந்து நிற்கும், அந்த மாதிரி. இந்தப் போட்டியின் மிகப் பெரிய விருதும் வென்ற ரோபோவுக்கு இல்லை. தன் ஊருக்கும் மற்ற அணிகளுக்கும் கைகொடுத்த அணிக்குத்தான்.

இதை யாரும் இடதுசாரிப் பயிற்சி என்று சொல்வதில்லை. கேமன் சோசலிஸ்ட் இல்லை. ஆனாலும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை, தான் செய்த பல்சக்கரம் மற்றவன் எழுதிய நிரல் இல்லாமல் அசையாது என்பதைக் கையால் தொட்டு அறிகிற இடம் இந்த நாட்டில் வேறு எத்தனை இருக்கிறது?

எங்கட சனத்துக்கு இதெல்லாம் கண்ணில் படுவது குறைவு. "வாட்டர்லூவுக்குப் போடேக்க உது உதவும்" என்பதுதான் பேச்சு. உதவும், இல்லையென்று இல்லை. ஆனால் ரியூசனுக்கு ஏற்றி இறக்குகிற மாதிரியே இதற்கும் ஏற்றி இறக்கிவிட்டு, பிள்ளைக்குத் தலைவர் பதவி கிடைத்ததா என்று மட்டும் விசாரிக்கிற தகப்பன்மாரைப் பார்த்து அலுத்துவிட்டது. அதிலும் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுபடுகிறது என்று பாருங்கோ. சுவரொட்டி, சமூக ஊடகம், ஸ்பொன்சருக்குக் கடிதம். ட்ரில் பெடியன் கையில். எங்கள் அணியில் இதை மாற்ற இரண்டு வருடம் எடுத்தது. இன்னும் முழுக்க மாறவில்லை.

திறமை இருந்தால் எவரும் மேலே வரலாம் என்று சொல்கிறவர்களுக்குப் பதிலாக ஒரு கதை இருக்கிறது. சிலருக்கு 2015 இல் வந்த ஹொலிவூட் படத்தால் தெரிந்திருக்கும். அரிசோனா, மேற்கு பீனிக்ஸ், கார்ல் ஹேடன் உயர்பள்ளி. பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள். 2004 இல் அங்கிருந்து நான்கு பெடியங்கள் சான்ரா பாபராவில் நடந்த நீரடி ரோபோப் போட்டிக்குப் போனார்கள். நான்கு பேரிடமும் குடியுரிமைப் பத்திரம் இல்லை. கையில் இருந்தது ஏறக்குறைய 800 டொலர். பிளம்பர் பாவிக்கிற பி.வி.சி. குழாயை ஒட்டிச் செய்த இயந்திரம். பசை நாற்றத்தால் அதற்கு 'ஸ்ரிங்கி' என்று பெயர். உயர்பள்ளிப் பிரிவில் தோற்பதைவிடப் பல்கலைக்கழகப் பிரிவில் தோற்பது மரியாதை என்று ஆசிரியர்கள் அவர்களை மேல்பிரிவில் பதிந்துவிட்டார்கள். அங்கே எம்.ஐ.ரி. நின்றது, எக்ஸன்மோபில் பெயர் ஒட்டின இயந்திரத்தோடு.

போட்டிக்கு முன் மின்கருவிப் பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. ஒழுக்கை அடைக்க நேரம் இல்லை. ஒரு பெடியன் கடைக்குப் போய் மாதவிடாய்க்குப் பெண்கள் பாவிக்கிற ரம்பொன் வாங்கி வந்து உள்ளே வைத்தான், உறிஞ்சட்டும் என்று. உறிஞ்சிவிட்டது. அவர்கள்தான் முதலிடம், எம்.ஐ.ரி. இரண்டாவது.

படம் அந்த இடத்தில் கைதட்டு வாங்கிவிடும். எனக்கு முக்கியம் அதற்குப் பிறகு நடந்தது. 2006 இல் அரிசோனா வாக்காளர்கள் ஒரு பிரேரணையை நிறைவேற்றினார்கள். பத்திரம் இல்லாத பிள்ளைகளுக்கு உள்ளூர்க் கல்விக் கட்டணம் கிடையாது என்பது அது. எம்.ஐ.ரி.யை வென்ற கைகளில் இரண்டு சமையல் வேலைக்குப் போயின. அணித் தலைவர் ஒஸ்கார் வாஸ்கெஸ் எப்படியோ படித்து 2009 இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் எடுத்தார். பத்திரம் சரிப்பண்ணலாம் என்று தானாகவே மெக்சிக்கோவுக்குத் திரும்பினார். பத்து வருடம் உள்ளே வரக்கூடாது என்று தடை போட்டார்கள். ஒரு செனற்றர் தலையிட்டு 2010 இல் தடை நீங்கியது. பிறகு அவர் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்தார். அனுப்பின இடம் ஆப்கானிஸ்தான்.

பீனிக்ஸ் பிள்ளைகளின் இன்னொரு கதை நமக்குக் கிட்டத்தில் நடந்தது. 2002 இல் வில்சன் என்ற பள்ளிக்கூடத்து மாணவர்கள் சூரிய ஒளியில் ஓடுகிற படகுப் போட்டிக்காக பஃபலோ வந்தார்கள். வந்த இடத்தில் நயாகரா பார்க்கப் போனார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் நாங்கள் முதல் வேலையாகக் கூட்டிக்கொண்டு போகிற அதே நயாகரா. குடிவரவு அதிகாரிகள் நான்கு பேரை மணிக்கணக்காக வைத்து விசாரித்து, நாடுகடத்தல் வழக்குப் போட்டார்கள். 2005 இல்தான் நீதிபதி அந்த வழக்கைத் தள்ளினார். நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போன குற்றத்துக்கு மூன்று வருடம்.

இது அமெரிக்காவின் கதை என்று நாங்கள் இங்கே இருந்து சொல்லமுடியாது. ஒன்ராறியோ அணி ஒன்று நன்றாக விளையாடினால் உலகப் போட்டி ஹூஸ்ரனில். அகதிக் கோரிக்கை முடிவு வராத பிள்ளை எந்தப் பத்திரத்தோடு ஹூஸ்ரன் போகும்? எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தது. நல்ல கைவேலைக்காரன். தெரிவானால் தனக்கு வரமுடியாது என்று தெரிந்தும் பெப்ரவரி முழுக்க நின்று வேலை செய்தான். அந்த வருடம் அணி அவ்வளவு தூரம் போகவில்லை. தோற்ற அன்று அவன் முகத்தில் நான் கண்டது நிம்மதி. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை, இப்போது உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஆப்கான் ஹெராத் நகரத்துப் பெண்பிள்ளைகளின் அணி உங்களுக்கு நினைவிருக்கும். 2017 இல் வாஷிங்ரனில் நடந்த ஃபர்ஸ்ட் குளோபல் போட்டிக்கு இரண்டு தரம் விசா மறுத்தார்கள். உலகம் சத்தம் போட்ட பிறகு வெள்ளை மாளிகை தலையிட்டு விட்டது, படங்கள் எடுத்தார்கள். ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில், ஓகஸ்ட் 1 அன்று, ஹெராத் பள்ளிவாசல் தாக்குதலில் அணித் தலைவியின் தகப்பன் கொல்லப்பட்டார். 2020 இல் அதே குழு பழைய ரொயோற்றா கொறொல்லாப் பாகங்களை வைத்துச் சுவாசக் கருவி மாதிரி ஒன்றைச் செய்தது. 2021 இல் தலிபான் வந்ததும் சிலர் கட்டாருக்கும் சிலர் மெக்சிக்கோவுக்கும் தப்பிப் போனார்கள்.

இனி, ரீசேட்டின் முதுகுக்கு வருவோம்.

ஒரு அணி பதிவதற்கே 6000 அமெரிக்க டொலர் அளவில் வேண்டும். அதற்கு மேல் பாகங்கள், பேருந்து, ஹொட்டேல். வசதியான அணியிடம் சொந்தமாகக் கணினியில் ஓடுகிற வெட்டு இயந்திரம் இருக்கும், பயிற்சிக்கென்று இரண்டாவது ரோபோவும் இருக்கும். 2019 வரை ஆறு வாரம் முடிய ரோபோவைப் பையில் போட்டு முத்திரை குத்தவேண்டும் என்று விதி இருந்தது. எல்லோருக்கும் ஒரே நேரம் என்று சொன்னார்கள். காசுள்ளவர்கள் அதே மாதிரி இன்னொன்றைக் கட்டி வைத்துக்கொண்டு தொடர்ந்து பழகினார்கள். கடைசியில் அந்த விதியையே எடுத்துவிட்டார்கள்.

காசு வருவது ஸ்பொன்சரிடமிருந்து. கொடுப்பவர் பெயர் முதுகில் ஏறும். அதில் பாதி நல்ல பெயர்கள்: பக்கத்துக் கராஜ், பல்வைத்தியர், ஆணி விற்கிற கடை. ஆனால் ஃபர்ஸ்ட் அமைப்பின் பெரிய ஆதரவாளர்கள் வரிசையில் பல வருடமாக இருந்துவருகிற பெயர்கள் போயிங், பீ.ஏ.ஈ. சிஸ்ரம்ஸ், ரேதியோன். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமும் அணிகளுக்குக் காசு கொடுக்கிறது. இவர்கள் தர்மத்துக்குக் கொடுக்கவில்லை. பதினாறு வயதில் கையில் திருப்புளி பிடித்த பிள்ளை இருபத்திரண்டு வயதில் யாரிடம் வேலைக்கு வரும் என்ற கணக்கு அது.

கிபிர் என்ற சொல்லை எங்கள் வயதுக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. அந்தச் சத்தம் வந்தால் பங்கருக்குள் ஓடவேண்டும் என்று மட்டும் அப்போது தெரியும். அது இஸ்ரேலில் செய்த விமானம் என்பதையும், உள்ளே ஓடுவது ஜெனரல் எலெக்ரிக் வடிவமைத்த ஜே79 எஞ்சின் என்பதையும், எபிரேயத்தில் அந்தச் சொல்லுக்குச் சிங்கக்குட்டி என்று பொருள் என்பதையும் நான் இங்கே வந்து, இந்தத் தொழில் பழகின பிறகுதான் வாசித்தேன். அந்த எஞ்சினின் சுழலி இதழையும் யாரோ ஒரு நல்ல தொழிலாளிதான் நுணுக்கமாகச் சீவியிருப்பான். என்னைப் போல ஒருவன். வரைபடத்தில் எங்கே போகிறது என்று எழுதியிருக்காது.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் அணிக்கு ஒரு கொம்பனி 5000 டொலர் தர முன்வந்தது. பெயர் வேண்டாம். ஏவுகணைக்குப் பாகம் செய்கிற இடம். சின்னம் முதுகில் பெரிதாக வரவேண்டும் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை; பிள்ளைகளே தேடி வாசித்துவிட்டுக் கூட்டம் வைத்தார்கள். இரண்டு மணித்தியாலம். "இந்தக் காசு இல்லாட்டி புது மோட்டார் இல்லை" என்றான் ஒருவன். "எல்லாக் கொம்பனியிலும் ஏதோ ஒரு அழுக்கு இருக்கு, எங்க நிறுத்துறது?" என்றாள் இன்னொருத்தி, அது லேசில் தட்டிவிடக்கூடிய கேள்வி இல்லை. வன்னியிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை ஒன்று, "இதைப் போட்டுக்கொண்டு அம்மம்மாவுக்கு முன்னால நான் எப்படி நிக்கிறது?" என்று கேட்டது. காசாவில் சொந்தம் இருக்கிற பிள்ளை ஒன்று கடைசிவரைக்கும் ஒன்றும் பேசவில்லை. வாக்கெடுப்பில் 14க்கு 11, வேண்டாம் என்று முடிந்தது. அந்த வருடம் பழைய ரோபோக்களைக் கழற்றி மோட்டார் எடுத்தார்கள். இரண்டு பேர் அணியை விட்டுப் போனார்கள். ஒரு தகப்பன் எனக்குப் போன் எடுத்து, "பள்ளிக்கூடத்துக்குள்ள அரசியலைக் கொண்டு வாறீர்" என்று ஏசினார். அந்தக் கொம்பனி கேட்ட சின்னம் ஒன்றே கால் அடி அகலம். அது அரசியல் இல்லையாம்.

சில தோழர்கள், பிள்ளைகளை இந்தப் போட்டியிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். எனக்கு உடன்பாடு இல்லை. எடுத்தால் அந்தப் பட்டறை முழுக்க ஆயுதக் கொம்பனிக்கும் பணக்காரப் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடும். எங்கள் பிள்ளைக்கு லேத் பிடிக்கத் தெரியவேண்டும். எதற்காகப் பிடிக்கிறோம் என்று கேட்கவும் தெரியவேண்டும். அப்படியென்றால் காசு வேறு இடத்திலிருந்து வரவேண்டும்.

அந்த வேறு இடம் முதலில் பொதுப் பணம். உதைபந்துக்கும் நூலகத்துக்கும் இருக்கிற மாதிரி இதற்கும் பள்ளிக்கூட வரவு செலவில் இடம் வேண்டும். ஆனால் 2025 ஜூனில் மாகாண அரசு ரொறன்ரோ பொதுக் கல்விச் சபையை ஒரு மேற்பார்வையாளர் கையில் கொடுத்துவிட்டது. நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிந்த பிரதிநிதிகளுக்கு அதிகாரம் இல்லாமல் போனது. ஆகவே இப்போது பள்ளிக்கூட அதிபரிடம் முறையிட்டு வேலையில்லை. குவீன்ஸ் பார்க்கில்தான் கேட்கவேண்டும், உங்கள் தொகுதி மாகாண உறுப்பினரிடம், எழுத்தில். கேட்கிறபோது ஆசிரியரைக் குறை சொல்லாதேயுங்கோ. இந்தக் குளிர்காலச் சனிக்கிழமைகளுக்கு அவர்களுக்கு ஒரு சதம் சம்பளம் இல்லை. 2012 இல் 115 ஆம் மசோதாவால் அவர்களின் பேரம் பேசும் உரிமையைப் பறித்தபோது அவர்கள் இப்படியான வேலைகளை நிறுத்தினார்கள். அப்போது எங்கட ஆக்களும் சேர்ந்து ஆசிரியரைத்தான் திட்டினார்கள். நான்கு வருடம் கழித்து நீதிமன்றம் அந்தச் சட்டம் அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. திட்டினவர்கள் அதை வாசித்ததாகத் தெரியவில்லை.

இரண்டாவது இடம் நாங்கள்தான். ஒரு சாமத்திய வீட்டு மண்டபத்துக்கும் ஹெலிகொப்ரருக்கும் கொடுக்கிற காசில் ஒரு அணி இரண்டு வருடம் ஓடும். ஹெலிகொப்ரர் பகிடி இல்லை, நான் போய்ப் பார்த்தேன், சோறு நன்றாக இருந்தது. பழைய மாணவர் சங்கங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குச் சேர்க்கிற காசைக் குறைக்கச் சொல்லவில்லை. வருடாந்த இராப்போசனத்தில் ஒரு மேசைக் காசை இங்கே உள்ள பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கலாம். தொழிற்சங்கக் கிளைகளிலும் கேளுங்கோ. தொழிற்சங்கத்தின் பெயர் முதுகில் இருக்கிற ரோபோ அணியை நான் இன்னும் காணவில்லை, காண ஆசை.

மார்ச்சில் ஒன்ராறியோப் போட்டிகள் தொடங்கும். பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை. பிற்றுக்குள் போக வாசலில் பாதுகாப்புக் கண்ணாடி தருவார்கள், கட்டாயம் போடவேண்டும். உள்ளே போய் எந்த அணிப் பிள்ளையிடமும் "இது என்ன செய்யும்?" என்று கேளுங்கோ, பத்து நிமிடம் விடமாட்டார்கள். பிறகு திரும்பி நிற்கச் சொல்லி முதுகை வாசியுங்கோ.

எங்கள் அணிக்கு இந்த முறை சனிக்கிழமைகளில் வரக்கூடிய இரண்டு பேர் தேவை. வெல்டிங் தெரிந்தவர் ஒருவர், மின்வயர் வேலை தெரிந்தவர் ஒருவர். ஆங்கிலம் முக்கியமில்லை, பொறுமை வேண்டும். தேத்தண்ணி நாங்கள் தருவோம். இந்த மடலுக்கே பதில் போடுங்கோ.